பிரம்பை எடுத்தாயிற்று, பதிலுக்கு என்ன கொடுத்தோம்?

நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளும் பள்ளிகளும் இல்லங்களும்: ஒரு பார்வை

லாலாகுடா (ஹைதராபாத்): செகந்திராபாத் ரயில் நிலையத்தை அடுத்துள்ள லாலாகுடா, ரயில்வே ஊழியர்களின் ஊர். நிஜாம் காலத்து ரயில்வே நிர்வாகம் 1893-ல் இங்கு நிறுவிய பெட்டிப் பணிமனை இன்றும் இயங்கி வருகிறது. அதைச் சுற்றி ஊழியர் குடியிருப்புகள், ரயில்வே மருத்துவமனை, பள்ளிகள். தெலுங்கு, உருது, தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கு சேர்ந்து வாழ்கின்றன. இவ்வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும் தண்டவாளங்கள் வழியே செகந்திராபாத்துக்கு இன்னொரு கூட்டமும் வந்து சேர்கிறது. அவர்கள் வீட்டை விட்டு ஓடி வரும் பிள்ளைகள்.

நாடு முழுவதும் ரயில் நிலையங்களிலும் ரயில்களிலும் 2018 முதல் 2024 மே மாதம் வரை 84,119 குழந்தைகளை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்டதாக ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது. 2018-ம் ஆண்டில் மட்டும் மீட்கப்பட்ட 17,112 பேரில் சுமார் 13 ஆயிரம் பேர் தாமாகவே வீட்டிலிருந்து வெளியேறியவர்கள். கடத்தப்பட்டோர், வழிதவறியோர் எண்ணிக்கையைவிட இது பல மடங்கு அதிகம்.

இவர்களில் பலர் ஏற்கெனவே பள்ளியில் "அடங்காதவன்", "முரடன்" என்று பெயர் வாங்கியவர்கள். மீட்கப்பட்டவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகின்றனர். பெற்றோரிடம் ஒப்படைக்க இயலாதவர்கள் இல்லங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கும் அதே பெயர் தொடர்கிறது. அங்கிருந்தும் சிலர் ஓடுகின்றனர். இந்தச் சங்கிலியைப் பள்ளியிலோ இல்லத்திலோ அறுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைகளை அடித்துத் திருத்தும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் சட்டம் இன்று ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பிரம்படியை அனுமதித்த தில்லி பள்ளிக் கல்வி விதிகளின் பிரிவை 2000-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்தது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 16-வது பிரிவு. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சியை நிறுத்தி வைக்க 2019-ல் திருத்தம் வந்தபோதும் இந்தப் பாதுகாப்பு நீக்கப்படவில்லை.

இல்லங்களுக்கான விதி இன்னும் கடுமையானது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி, ஒழுங்குபடுத்துவதற்காக என்று சொல்லிக் குழந்தையை அடிக்கும் இல்ல ஊழியருக்கு முதல் முறை ரூ.10 ஆயிரம் அபராதம். மறுமுறை மூன்று மாதம் வரை சிறை. குற்றம் உறுதியானால் வேலையும் போகும். அதன் பின் குழந்தைகளுடன் நேரடியாகப் பணியாற்றவும் முடியாது. குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75-வது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

ஏட்டில் உள்ள இந்த உறுதிக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியைத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10-ல் நடத்திய ஆய்வு வெளிப்படுத்தியது. ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் விசாரித்ததில், தமக்கு எந்தத் தண்டனையும் கிடைத்ததில்லை என்று கூறியவர்கள் ஒன்பது பேர் மட்டுமே.

இல்லங்களின் நிலைமைக்குத் தமிழகத்திலிருந்தே சான்று உண்டு. தாம்பரத்தில் ரயில்வேக்குச் சொந்தமான மின்கலத்தைத் திருடியதாகப் பிடிபட்டு, செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன், 2022-ம் ஆண்டின் கடைசி நாளில் உயிரிழந்தான். அடித்துக் கொல்லப்பட்டதாக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னர் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒரு நபர் குழு, கூர்நோக்கு இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய்ந்து 2023-ல் அறிக்கை அளித்தது. இந்த இல்லங்களுக்கெனத் தனித் துறையே தேவை என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கை வெறுமையான ஆசிரியர்

தண்டிக்கக் கூடாது என்ற ஆணையை ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் அறியாமல் இல்லை. "அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?" என்பதே அவர்கள் திருப்பிக் கேட்பது. இதில் நியாயம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பல நகரப் பள்ளிகளில் வகுப்பறை நெரிசல் அதைவிட மிகுதி. நாற்காலியைத் தூக்கி எறியும் ஒரு பிள்ளையைக் கவனிக்கப் போனால் மற்றவர் பாடம் நின்றுபோகிறது.

பிரம்பு கையை விட்டுப் போன பின், பள்ளிகள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஒன்று, பிள்ளையை வெளியே நிறுத்துவது. மற்றொன்று, பெற்றோரை அழைத்து "நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறுவது. நீக்கம் என்று ஆவணத்தில் பதிவாகாததால் சட்டத்தின் கண்ணில் இது படுவதில்லை. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கோ, எதிர்த்துக் கேட்கப் பெற்றோரும் இல்லை. ஐம்பது பிள்ளைகளுக்குப் பாதுகாவலராகக் கையெழுத்திடும் ஒரே கண்காணிப்பாளரே அவனுக்கும் பெற்றோர். பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் அவன் பெயர் வரும்போது, அவனைப் பற்றிச் சொல்ல அவரிடம் எவ்வளவு இருக்கும்?

1992-ல் செகந்திராபாத் எழுதிய விடை

ஆசிரியர் கேட்கும் அந்தக் கேள்விக்கு விடை, லாலாகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், போயன்பள்ளியை அடுத்த மனோவிகாஸ் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1984-ல் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இப்போது அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தலுக்கான தேசிய நிறுவனமாக விளங்கும் மத்திய அரசு அமைப்பு அங்கு உள்ளது. அதன் உளவியலாளர்களான ரீட்டா பெஷாவரியா, எஸ்.வெங்கடேசன் ஆகியோர் 1992-ல் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றையும், இந்தியக் குழந்தைகளின் நடத்தையை அளவிடும் மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்றையும் உருவாக்கினர்.

இந்தப் பட்டியலின் இரண்டாம் பகுதி, சிக்கலான நடத்தைகள் 75-ஐப் பத்துப் பிரிவுகளில் தொகுக்கிறது. அடித்தல், பொருள்களை உடைத்தல், அடம்பிடித்தல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல், நிலைகொள்ளாமை, கீழ்ப்படியாமை, அச்சம் என அவை நீள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை", "எப்போதாவது", "அடிக்கடி" என்று குறிக்க வேண்டும். "இவன் மோசம்" என்ற பொதுத் தீர்ப்புக்கு அதில் கட்டமே கிடையாது. எந்தச் செயல், எத்தனை முறை என்பதற்கு மட்டுமே இடம் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக உருவான முறைதான் இது. எனினும், அதன் அடிப்படை எந்த வகுப்பறைக்கும் பொருந்தும்.

அந்த அடிப்படை மிக எளியது. நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடந்தபோது பிள்ளை செய்தது என்ன, அதன் பின் அவனுக்குக் கிடைத்தது என்ன என்று மூன்று வரிகள் எழுதி வர வேண்டும். ஒரு வாரம் எழுதினால், பெரும்பாலும் காரணம் தானே வெளிப்படும். பிறர் கவனத்தைப் பெறுவது, பிடிக்காத வேலையிலிருந்து தப்புவது, விரும்பிய பொருளை அடைவது, உடலின் உணர்ச்சித் தேவையைத் தீர்த்துக்கொள்வது, வேறு வழி தெரியாமை என்று ஐந்து வகையில் ஏதேனும் ஒன்றாக அது இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தினமும் மூன்றாவது பாடவேளையில் பக்கத்துப் பையனை அடிக்கிறான். ஆசிரியர் அவனை வெளியே அனுப்புகிறார். ஒரு வாரக் குறிப்பு இப்படிச் சொல்லக்கூடும்: முன்பு நடந்தது, வரிசையாக எழுந்து உரக்கப் படிக்கும் முறை அவனை நெருங்கியது, பின்பு கிடைத்தது, படிக்காமல் தப்பியது. அவனுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. நாற்பது பேர் முன்னால் படிக்கத் தெரியாதவன் என்று நகைக்கப்படுவதைவிட, முரடன் என்று வெளியே நிற்பது அவனுக்கு எளிது. தண்டனை என்று ஆசிரியர் நினைத்தது அவனுக்குப் பரிசு. தனியே அமர்த்தி எழுத்துக் கற்றுக்கொடுப்பதும், அதுவரை உரக்கப் படிக்கச் சொல்லாமல் இருப்பதும், உதவி தேவைப்பட்டால் கைதூக்கிக் கேட்கப் பழக்குவதும் இங்கு மருந்து. அடியால் இதில் எதுவும் நடக்காது.

காது சரியாகக் கேட்காமை, பார்வைக் குறை, இரத்தசோகை, உறக்கமின்மை, சில நொடிகள் நினைவு தப்பும் வகை வலிப்பு ஆகியவையும் "சொன்னால் கேட்காத" பிள்ளையை உருவாக்கும். ஆகவே முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு குறிப்பேடு என்பதே முறையான வரிசை.

இல்லத்தின் இரவுகள்

பள்ளியில் மணி அடித்தால் பொழுது முடிந்துவிடும். இல்லத்தில் சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. தலையணைக்கு அடியில் உணவைப் பதுக்குவது, விளக்கை அணைத்தால் அலறுவது, படுக்கையை நனைப்பது, உறவினர் பார்க்க வரும் நாளின் மாலையில் சண்டை மூட்டுவது ஆகியவை இல்லங்களில் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்தவை. பசியை அறிந்த பிள்ளைக்கு அடுத்த வேளைச் சோற்றில் நம்பிக்கை வர மாதங்கள் ஆகும். தன்னைப் பார்க்க எவரும் வராதவனுக்கு அந்த மாலை நீண்டது. மொழி தெரியாத மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்தவன், வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிறான்.

குழந்தைப் பருவத்தில் நிலையான ஒருவரின் அரவணைப்பு இல்லாமல் போவது என்ன செய்யும் என்பதற்கு ருமேனியாவில் நடந்த ஆய்வு சான்று. புகாரெஸ்ட் நகர அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் இல்லத்திலேயே தங்கியவர்களைவிட அறிவு வளர்ச்சியிலும் பிறருடன் ஒட்டி வாழும் இயல்பிலும் முன்னேறினர். சிறு வயதிலேயே குடும்பத்துக்குச் சென்றவர்களின் முன்னேற்றம் இன்னும் அதிகம்.

நம் சட்டமும் இதையே ஏற்றுள்ளது. இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறும் நெறிகளுள் ஒன்று. குழந்தையைக் குறித்த நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. எனினும், 2018-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி நாட்டில் 9,589 இல்லங்களும், அவற்றில் சுமார் மூன்றே முக்கால் லட்சம் பிள்ளைகளும் இருந்தனர்.

2016-ம் ஆண்டின் மாதிரி விதிகள், நூறு பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு இரண்டு ஆலோசகர்கள் அல்லது உளவியலாளர்களும், இல்லத் தாய் அல்லது தந்தையாக நால்வரும் வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏழாம் படிவத்தில் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். உடல்நலம், மனநிலை, கல்வி, விளையாட்டு, உறவுகள், கடந்து வந்த துயரங்கள் என அதில் தனித்தனித் தலைப்புகள் உள்ளன. முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும்.

இந்தத் திட்டம் எழுதப்படாமலே இருந்ததை உச்ச நீதிமன்றமும் கவனித்தது. மாமல்லபுரத்தில் அநாதை இல்லக் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007-ல் எழுந்த புகாரின் பேரில் தொடர்ந்த வழக்கில், நீதிபதி மதன் பி.லோகுர் தலைமையிலான அமர்வு 2017-ம் ஆண்டு மே 5-ம் தேதி தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று அது உத்தரவிட்டது.

படிவம் நிரப்புவது வேறு, பிள்ளையை அறிவது வேறு. "சோறு, துணி, கல்வி தேவை" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசகத்தை எழுதினாலும் படிவம் நிரம்பிவிடும். "இரவு விளக்கு அணைந்தால் பயப்படுகிறான், பக்கத்தில் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் உறங்கிவிடுகிறான்" என்று ஒரு வரி இருந்தால், பணிமுறை மாறி வரும் அடுத்த ஊழியருக்கு அது வழிகாட்டும். பிள்ளையின் கோபத்தை முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிராது.

மாரேட்பள்ளி காட்டிய வழி

லாலாகுடாவை ஒட்டிய மேற்கு மாரேட்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த எம்.வி.அறக்கட்டளையின் அனுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1981-ல் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, பேராசிரியர் சாந்தா சின்ஹாவின் வழிகாட்டுதலில் 1990-களின் தொடக்கம் முதல் குழந்தைத் தொழிலாளர்களை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் பணியில் இறங்கியது. மீட்கப்பட்ட பிள்ளைகளை நேராக வகுப்பறையில் அமர்த்தாமல், தங்கிப் படிக்கும் இணைப்பு முகாம்களில் சேர்த்தது.

வயலிலும் வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பிள்ளை, மணியடித்ததும் வரிசையில் நிற்கும் வழக்கத்துக்குப் பழக நாளாகும். அந்த இடைவெளியைப் பிள்ளையின் குற்றமாகக் கருதாமல் கல்வியின் ஒரு கட்டமாகவே கருதியதுதான் இம்முகாம்களின் சிறப்பு. பாட்டு, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றால் பழக்கம் ஏற்பட்ட பிறகே பாடம் வேகம் பிடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்ததாக அறக்கட்டளை கூறுகிறது. இப்பணிக்காகச் சாந்தா சின்ஹா 2003-ல் மகசேசே விருது பெற்றார். 2007-ல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிப்பதற்கான விரிவான நெறிமுறைகளை ஆணையம் வெளியிட்டது அவரது காலத்தில்தான்.

தலைநகரின் பொறுப்பு

2025-ம் ஆண்டு ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தப் பிரச்னையில் ஒரு புதிய படி. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த மாணவி 2023-ல் மரணமடைந்தது தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு மாணவர் மனநலத்துக்காக 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியே உள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். தனிச் சட்டம் வரும் வரை இந்நெறிகள் கட்டுப்படுத்தும்.

தேவை எவ்வளவு என்பதற்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு ஓர் அளவுகோல். 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக அது கண்டது. நாற்பது பேர் உள்ள உயர்நிலை வகுப்பில் இது ஏறத்தாழ மூவர்.

ஆனால் அரசுத் திட்டங்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் கற்றல் குறைபாடும் கவனக் குறைவு-மிகை இயக்கக் குறைபாடும் உண்டு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. கவனக் குறைவு இல்லை. ஆகவே, மருத்துவக் குழு கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளைக்கும் பள்ளியில் சலுகை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தீவிரக் கோபம், ஓடிப்போதல் போன்ற நடத்தைகளால் மட்டும் அடையாளம் காணப்படும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. இடர்ப்பட்ட சூழலில் வாழும் குழந்தைகளின் மனநலத்துக்காக மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவில் நிம்ஹான்ஸ் நடத்தும் "சம்வாத்" என்ற அமைப்பு 2020 முதல் இயங்கி, இல்ல ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. செகந்திராபாத் நிறுவனத்தின் கையேடுகள் கைவசம் உள்ளன. ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து சிறு பள்ளிகளும் ஓர் இல்லமும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொண்டால், தனித்தனியே இயலாதது கைகூடும். பள்ளியின் குறிப்பும் இல்லத்தின் பராமரிப்புத் திட்டமும் ஒரே கோப்பில் இருந்தால், காலையில் ஒருவரும் மாலையில் வேறொருவரும் அதே பிள்ளையிடம் முரண்பட்டு நடக்கும் நிலை ஒழியும்.

செலவில்லாத சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை நடத்தையைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் அந்தப் பிள்ளைக்காக என்னென்ன செய்யப்பட்டது என்பதை எழுத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசுகள் ஆணையிடலாம். எந்தச் செயல், எத்தனை முறை, அதற்கு முன் என்ன, பின் என்ன, மருத்துவப் பரிசோதனை நடந்ததா, யார் பேசினார்கள் என்று ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை எழுத உட்காரும் ஆசிரியர்களில் பலருக்கு, சான்றிதழ் எழுத வேண்டிய அவசியமே நேராது.

அது எழுதப்படாத வரை, பள்ளியில் இடமில்லாமல் போன பிள்ளை ஏதோ ஓர் ஊரில் ரயில் ஏறுவான். செகந்திராபாத்தில் இறங்கும்போது ரயில்வே பாதுகாப்புப் படையினர் அவனிடம் பெயர், ஊர், அப்பா பெயர் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஏன் ஓடி வந்தாய் என்றும் கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அவனுடைய பள்ளி முன்னரே கேட்டிருக்க வேண்டும்.